இலவச மிக்ஸ்டேப் காலத்துப் பாட்டெல்லாம் எங்கே போயின?

பழைய_டிஸ்க்:

ஒரு சந்தேகம், கூடவே கொஞ்சம் புலம்பல். நேற்று ராத்திரி வேலை முடிந்து வரும்போது காரில் அமெரிக்க ராப்பர் லில் வெய்னின் நோ சீலிங்ஸ் மிக்ஸ்டேப்பைப் போட்டேன், ஸ்ட்ரீமிங்கில் இருப்பது. இரண்டு மூன்று பாட்டு போனதுமே ஏதோ இடித்தது. வரிசை மாறியிருந்தது, அடுத்து வரும் என்று வாய் தானாகத் தயாரான பாட்டு வரவே இல்லை. வீட்டுக்கு வந்து பட்டியலைப் பார்த்தால் பல பாட்டுகள் காணவில்லை.

இது 2009 அக்டோபர் கடைசியில் வந்தது. அப்போது நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம், ஹாஸ்டல். ராத்திரி 12 மணிக்கு மேல்தான் நெட் கொஞ்சம் நகரும். ஜிப் ஃபைல் 97 சதவீதம் வரை வந்து அப்படியே நிற்கும், மறுபடி முதலிலிருந்து. ஒருத்தன் இறக்கினால் போதும், பென் டிரைவ் மாடி மாடியாக ஏறி இறங்கும், அதோடு ஷார்ட்கட் வைரஸும் சேர்ந்து ஏறும். எங்கள் தளத்தில் ராப் கேட்டவர்களே நாலு பேர்தான். அந்த நாலு பேருக்கும் ஒரு பாட்டுகூட காசு கொடுத்து வாங்கியது கிடையாது, வாங்க வழியும் இல்லை, ஆனால் அதைத் திருட்டு என்றும் யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் போட்டவரே இலவசம் என்றுதான் போட்டார்.

அப்படி இலவசமாக ஊருக்கே விட்ட ஒன்று, இப்போது மாதச் சந்தா கட்டியும் முழுசாகக் கிடைக்கவில்லை என்றால் என்ன கணக்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அனு_வீணை:

முதலில் எனக்கு இதைச் சொல்லுங்கள். மிக்ஸ்டேப் என்றால் நம் ஊர் ரெக்கார்டிங் சென்டர் கேசட் மாதிரியா? அப்பா ஒரு வெள்ளைத்தாளில் பாட்டு வரிசை எழுதிக்கொண்டு போய் டிடிகே 90 கேசட்டில் பதிந்து வாங்கியவை ஒரு பெட்டி நிறைய வீட்டில் இருக்கின்றன. ஏ பக்கம் முடியும்போது கடைசிப் பாட்டு சரணத்திலேயே வெட்டுப்படும். அதுதான் மிக்ஸ்டேப் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரீவைண்ட்_ராஜா:

அனு, பேர் ஒன்றுதான், சரக்கு வேறு. ராப்பில் மிக்ஸ்டேப் என்றால் கம்பெனி ஆல்பமாக இல்லாமல், டிஜேயோ பாடகனோ தானே தொகுத்து வெளியே விடுவது. ஆனால் கேசட்டில் ஆரம்பித்த விஷயம் என்பது சரி.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்டில் டிஜே கூல் ஹெர்க் வைத்த பார்ட்டியைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்த நாளாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு பல வருடங்களுக்கு ராப் ரெக்கார்டு என்று எதுவும் கடைக்கு வரவில்லை. அந்த இசை இருந்த ஒரே இடம் பார்ட்டி, பார்ட்டியை வீட்டுக்கு எடுத்துப் போக ஒரே வழி அங்கே பதிந்த கேசட். கையிலிருந்து கைக்கு, வாடகை காரிலிருந்து வாடகை காருக்கு அது போனது. 80களின் கடைசியில் கிட் கேப்ரி போன்ற டிஜேக்கள் இதைத் தனித் தொழிலாகவே ஆக்கினார்கள். 90களில் டிஜே க்ளூ வந்ததும் ஆட்டம் மாறிவிட்டது: இன்னும் வெளிவராத பாட்டு யார் டேப்பில் முதலில் வருகிறதோ அவன்தான் ராஜா. பாட்டின் மேலேயே தன் பெயரைக் கத்தி வைப்பதெல்லாம் அதனால்தான், வேறு ஒருத்தன் அப்படியே நகல் எடுத்துத் தன்னுடையது என்று விற்க முடியாது பாருங்கள். நாட்டுப்புறத்தில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது மாதிரி.

அதற்கடுத்த திருப்பம் 50 சென்ட் என்ற ராப்பர். 2000இல் சுடப்பட்டார், கம்பெனி கைகழுவியது, ஆல்பம் வராமலே போனது. என்ன செய்தார்? அடுத்தவர்களின் ஹிட் பாட்டுகளின் பீட்டை (குரலை எடுத்தால் மீதி இருக்கும் இசை) மட்டும் எடுத்து, அதன்மேல் தன் வரிகளைப் போட்டு, தன் கூட்டாளிகளோடு 2002இல் டேப் மேல் டேப்பாகத் தெருவில் இறக்கினார். அதுவரை டிஜேயின் பொருளாக இருந்த மிக்ஸ்டேப் பாடகனின் பொருளாக ஆனது அங்கேதான். ராப்பில் ஏற்கெனவே பெரிய ஆட்களான எமினெமும் டாக்டர் டிரேயும் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். 2003இல் வந்த ஆல்பம் முதல் வாரத்தில் 8 லட்சத்து 72 ஆயிரம் விற்றது. சரி, இதைப் பார்த்த பிறகு அமெரிக்காவில் ராப் எழுதத் தெரிந்த எந்தப் பையன் சும்மா இருப்பான்?

மெட்டுக்காரன்:

ராஜா அண்ணே சொன்னதை நம் ஊர் வழியில் சொல்லவா. கார்த்திகை மாசம் ஐயப்ப பஜனையில் பாதிப் பாட்டு சினிமா மெட்டில்தான் ஓடும். தேர்தல் வந்தால் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு, போன வருஷத்து ஹிட் பாட்டின் மெட்டில் வேட்பாளர் பெயரைச் சொருகிவிடுவார்கள். கேட்கிறவனுக்கு மெட்டு ஏற்கெனவே மனப்பாடம், அதனால் புது வரி நேரே உள்ளே இறங்கும். மிக்ஸ்டேப் ராப்பின் சூட்சுமமும் இதேதான். உனக்குத் தெரிந்த பீட்டு, உனக்குத் தெரிந்த ஆள் அதில் ஏற்கெனவே பாடியிருக்கிறான், இப்போது நான் அவனைவிட நன்றாகப் பாடுகிறேன் பார்.

எங்கள் பஜனைக் கோஷ்டியில் யாரும் இதுவரை இசையமைப்பாளரிடம் அனுமதி கேட்டதில்லை. யாரும் கேட்டு வந்ததும் இல்லை. வந்தால் சாமியே சரணம்தான்.

பழைய_டிஸ்க்:

அப்படியானால் என் கேள்விக்குப் பதில் இதுதானா? அனுமதி இல்லாத பீட்டு, அதனால் ஸ்ட்ரீமிங்கில் ஏற முடியவில்லை?

சவுண்டு_மேசை:

ஏறக்குறைய அதேதான். நான் ஒலிப்பதிவு வேலையில் இருக்கிறேன், தினமும் இந்தத் தலைவலிதான்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று, வரியும் மெட்டும். அது எழுதியவர்களுக்கும் அவர்களுடைய பதிப்பாளருக்கும் சொந்தம். இன்னொன்று, பதிவு செய்த அந்த ஒலி. அது பெரும்பாலும் லேபிளுக்கு, அதாவது பாட்டை வெளியிடும் கம்பெனிக்குச் சொந்தம். வேறொருவர் பீட்டின்மேல் நீங்கள் ராப் செய்தால் இரண்டு கதவையும் தட்ட வேண்டும். அந்த பீட்டே ஒரு பழைய ரெக்கார்டிலிருந்து வெட்டி எடுத்தது என்றால் அந்தப் பழைய ரெக்கார்டின் இரண்டு கதவையும் சேர்த்துத் தட்ட வேண்டும். பதினைந்து பாட்டு கொண்ட மிக்ஸ்டேப் என்றால் எத்தனை கையெழுத்து என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். எழுதியவர்கள் ஆறு பேர், ஒருவர் மட்டும் முடியாது என்றால் பாட்டு வெளியே. ஒருவர் பதிலே போடவில்லை என்றாலும் வெளியேதான். சொத்துப் பத்திரத்தில் ஒரு பங்காளி கையெழுத்துப் போடாத கதை.

சான்ஸ் தி ராப்பரின் ஆசிட் ராப் 2013 ஏப்ரலில் இலவசமாக வந்தது. கேட்டவர்கள் எல்லாம் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஆறு வருடம் கழித்து 2019இல் ஸ்ட்ரீமிங்கில் ஏறியபோது ஜூஸ் என்ற பாட்டு மட்டும் இல்லை. அதில் இருந்த ஒரு பழைய பாட்டுத் துண்டுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவர் அந்த இடத்தை மூடிவிட்டுப் போகாமல், அரை நிமிடம் தானே பேசி வைத்தார்: இந்தப் பாட்டைச் சட்டப்படி போட முடியவில்லை, இந்த அரை நிமிடத்தில் வரும் காசெல்லாம் அறக்கட்டளைக்கு என்று. எனக்கு அது ரொம்பப் பிடித்தது. பல்லு விழுந்த இடத்தை மறைக்காமல் சிரிக்கிற மாதிரி.

நோ சீலிங்ஸ் பெரும்பாலும் அடுத்தவர் பீட்டு. அதில் இவ்வளவு ஏறியதே பெரிய விஷயம், டிஸ்க் சார்.

கோடம்பாக்கம்_குருவி:

பல்லு உதாரணம் 👌

ரீவைண்ட்_ராஜா:

சவுண்டு சொன்னது சட்டம். ஆனால் சட்டம் எப்போது யார்மேல் பாய்ந்தது என்பது தனிக்கதை, அதைச் சொல்லாமல் விட முடியாது, நீளும், மன்னிக்கவும்.

அட்லாண்டாவில் டிஜே டிராமா என்று ஒருவர். கேங்ஸ்டா கிரில்ஸ் என்ற பெயரில் வரிசையாக டேப் போட்டார். யங் ஜீஸி, டி.ஐ., லில் வெய்ன் என்று தெற்கத்தி ராப்பர்கள் எல்லாருக்கும் அவர் டேப்பில் வருவது ஒரு பட்டம் மாதிரி. லேபிள்காரர்களே புதுப்பாட்டை அவரிடம் கொடுத்து, இதைக் கொஞ்சம் தெருவில் ஓடவிடு என்பார்கள். அவர்களுக்கு அது செலவில்லாத விளம்பரம். 2007 ஜனவரி 16 அன்று அதே டிராமாவின் ஸ்டூடியோவுக்குள் போலீஸ் துப்பாக்கியோடு புகுந்தது. கூடவே லேபிள்களின் சங்கமான ஆர்ஐஏஏவின் ஆட்கள். சுமார் 81,000 சிடியை அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்மேலும் கூட்டாளி டான் கேனன்மேலும் போட்ட சட்டம் எது தெரியுமா? மாஃபியா கும்பலுக்காகக் கொண்டுவந்த ரீகோ. அதாவது கம்பெனியின் வலது கை பாட்டைக் கொடுத்தது, இடது கை விலங்கு மாட்டியது. அதே வருடம் டிசம்பரில் டிராமா அட்லாண்டிக் லேபிள் வழியாகவே ஆல்பம் போட்டார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். சிரிக்கிறதா அழுகிறதா.

அந்த ரெய்டுக்குப் பிறகு தெருவோரத்தில் சிடி விற்றவன் பயந்தான், கடைக்காரன் அலமாரியை ஒழித்தான். எல்லாம் இணையத்துக்குப் போனது. மிக்ஸ்டேப் இறக்கும் தளமான டாட்பிஃப் 2005லேயே தொடங்கிவிட்டது, லைவ்மிக்ஸ்டேப்ஸ் என்ற தளமும் இருந்தது, ஆனால் அவை பெரிய சந்தையாக மாறியது இதற்குப் பிறகுதான். காசு கைமாறாததால் கேஸ் போடவும் பிடி கொஞ்சம் குறைந்தது. முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது: 2010 நவம்பரில் அமெரிக்க அரசு எண்பதுக்கும் மேற்பட்ட தளங்களின் முகவரிகளைப் பறித்தபோது அதில் ஆன்ஸ்மாஷ், டஜாஸ்1 என்ற ஹிப்-ஹாப் வலைப்பதிவுகளும் போயின. டஜாஸ்1 நடத்தியவர், பாட்டை எனக்கு அனுப்பியதே லேபிள் ஆட்கள்தான் என்று மின்னஞ்சலை எடுத்துக் காட்டினார். ஒரு வருடம் கழித்து, வழக்கே போடாமல், இந்தா உன் முகவரி என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

டாட்பிஃப் பக்கம் ஞாபகம் இருக்கிறதா? அந்த அட்டைப்படங்கள்! கல்யாண பேனர் அடிக்கிற நம்ம ஊர் டிசைனர்கூடக் கூசுவார். மின்னல், தீ, பறக்கும் டாலர், நடுவில் ராப்பர், ஓரத்தில் டிஜேயின் முகம் வட்டத்துக்குள். கீழே இறக்கம் எத்தனை என்ற எண்ணிக்கை. இறக்கம் ஏற ஏற கோல்டு, பிளாட்டினம், டைமண்ட் என்று தளமே பட்டம் கொடுக்கும். லேபிள் கொடுக்காத பட்டத்தை ரசிகனின் மவுஸ் கொடுத்தது.

வரவு_செலவு:

எல்லாரும் ஏதோ பொற்காலம் மாதிரி பேசுகிறீர்கள். பீட்டு போட்டவனுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லையே?

மேக் மில்லர் என்ற ராப்பர் 2010இல் கிட்ஸ் என்று ஒரு மிக்ஸ்டேப் போட்டார். அதில் ஒரு பாட்டு லார்ட் ஃபினெஸ் என்ற பழைய பீட்டுக்காரர் 90களில் போட்ட பீட்டின் மேல் அப்படியே ராப் செய்தது. யூடியூபில் கோடிக்கணக்கில் ஓடியது, பையன் பெரிய ஆள் ஆனான், மறு வருடம் ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம். ஃபினெஸ் 2012இல் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார், டாட்பிஃபையும் சேர்த்து இழுத்தார். 2013 ஆரம்பத்தில் பேசி முடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு எல்லாரும் கிழவன் பேராசைக்காரன் என்று திட்டினார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், இலவசம் என்பது கேட்கிறவனுக்கும் பாடுகிறவனுக்கும்தான். பாடுகிறவன் கச்சேரியில் எடுத்துக்கொள்வான். ஸ்டூடியோவில் உட்கார்ந்து பீட்டு செய்தவன் எந்த மேடையில் எடுப்பான்?

நானும் ஒரு காலத்தில் பீட்டு விற்றவன், அதனால் எரிகிறது. என் பீட்டில் ஒருத்தன் பாடி, என் பெயரே இல்லாமல் ஒரு நிகழ்ச்சியில் ஓடவிட்டதைப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பக்கத்தில் இருந்தவர் என்னிடமே பீட்டு சூப்பர் என்றார்.

மெட்டுக்காரன்:

ஐயோ. அந்தப் பக்கத்து சீட்டுக்காரர் கதைக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஃபினெஸின் அந்த பீட்டும் ஒரு பழைய ஜாஸ் ரெக்கார்டிலிருந்து வெட்டியதுதானே?

வரவு_செலவு:

ஆமாம். அதனால்தான் அந்த வழக்கில் எனக்கே முழு மனசு இல்லை. ஆனாலும் வெட்டி, அடுக்கி, டிரம்ஸ் கோத்து வேறொன்றாக ஆக்குவதும், அப்படியே தூக்கி வைத்துக்கொள்வதும் ஒன்றா?

ரீவைண்ட்_ராஜா:

அப்படியே தூக்கி வைத்துக்கொண்டதிலேயே வேறொன்று பிறந்த இடமும் உண்டு. எனக்கு இந்த விவகாரம் முழுவதும் ஒரே ஒரு பாட்டில் அடங்கிவிடும்.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல், நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியது. லில் வெய்ன் அந்த ஊர்ப் பிள்ளை. அதே வருடம் ஜார்ஜியா மாநிலத்து ராப்பர்களான லுடாக்ரிஸும் ஃபீல்டு மாபும் ஜார்ஜியா என்று ஒரு பாட்டு விட்டார்கள், ரே சார்ல்ஸ் பாடிப் புகழ்பெற்ற ஜார்ஜியா பாட்டின் மெட்டைப் பின்னணியில் வைத்து, எங்கள் மாநிலம் எப்படிப்பட்டது தெரியுமா என்று பெருமை பேசும் பாட்டு. ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்தது. வெய்ன் அதே பீட்டை எடுத்தார். ஜார்ஜியா என்ற சொல்லை ஒட்டி அப்போதைய ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவ்வளவுதான். தன் ஊரின் பெருமையைப் பாடிய மெட்டு, ஊரை இழந்தவனின் வசவாக ஆகிவிட்டது. டெடிகேஷன் 2இல் இருக்கிறது, டிராமாவின் டேப்தான், 2006.

இப்போது யோசியுங்கள். அதற்கு யாரிடம் போய் அனுமதி கேட்பது? ஜனாதிபதியைத் திட்டப் போகிறேன், உங்கள் மெட்டைக் கொடுங்கள் என்றா? கொடுத்தாலும் ஒரு வருடம் ஆகும், அதற்குள் கோபம் ஆறிவிடும். சரி, வேறு பீட்டு போட்டுக்கொள்ளலாமே என்றால், அந்த மெட்டை எடுத்த நிமிடமே பாட்டு செத்துவிடும். மிக்ஸ்டேப்பை சுத்தம் செய்து ஸ்ட்ரீமிங்கில் ஏற்றுவது என்கிறார்களே, அதில் இந்த மாதிரிப் பாட்டுகள்தான் முதலில் உதிர்கின்றன. மீதி நிற்பது யாருக்கும் கடன்படாத பாட்டு, அதாவது சாதாரண ஆல்பத்திலேயே வந்திருக்கக் கூடியது.

வரவு_செலவு, உங்கள் கோபம் நியாயமானதுதான். இரண்டும் உண்மை, ஒன்றை வைத்து இன்னொன்றை அடிக்க எனக்கு வரவில்லை.

ஸ்கார்பரோ_பெடியன்:

ராஜா அண்ணை, நல்லாக எழுதுகிறீர்கள். நான் ரொறன்ரோவில் இருந்து. இங்கே 2009 பெப்ரவரியில் டிரேக் தன்னுடைய வலைப்பதிவில் சோ ஃபார் கான் என்று ஒன்றைச் சும்மா போட்டபோது நான் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூட பஸ்ஸில் ஒரு இயர்போனை இரண்டு பேர் பகிர்ந்து கேட்டோம். அதுவரைக்கும் எங்கட ஊரில் இருந்து ஒருத்தன் ராப்பில் பெரிய ஆளாக வருவான் என்று ஆரும் நம்பவில்லை, அவனை ஒரு டிவி நாடகத்தில் நடித்த பெடியன் என்றுதான் தெரியும். போடும்போது லேபிள் ஒப்பந்தம் இல்லை, கடையில் ஒரு சிடி இல்லை, ஆனால் அந்தக் கோடையில் அதில் இருந்த ஒரு பாட்டு பில்போர்டில் இரண்டாவது இடம் வரை போனது. செப்டம்பரில் காசுக்கு விட்டபோது அதே சோ ஃபார் கானில் 7 பாட்டுதான் இருந்தது. மிச்சத்தில் பல மற்றவர்களின் இசை, கடைக்குக் கொண்டுபோக ஏலாது. முழுசாக ஸ்ட்ரீமிங்கில் வர பத்து வருசம் பிடித்தது.

எங்கட ஆட்கள் இதில் இன்னொரு பெயரை மறக்கக் கூடாது. மாயா, எம்.ஐ.ஏ. லண்டனில் இருக்கும் எங்கட பிள்ளை. அவவின் முதல் ஆல்பம் அருளர் 2005இல்தான் வந்தது. ஆனால் அதற்கு முந்தியே, 2004 கடைசியில், டிப்லோ என்ற டிஜேயோடு சேர்ந்து பைரசி ஃபண்ட்ஸ் டெரரிசம் என்று ஒரு மிக்ஸ்டேப் இறக்கிவிட்டா. ஆல்பத்துக்குப் பாடினதை ராப்பர் ஜே-ஸீயின் பீட்டிலும் 80களின் பாப் பாட்டிலும் ஏற்றிக் கலந்தது. அனுமதி ஒன்றும் இல்லை, கச்சேரியில் கையில் கொடுத்தார்கள், இணையத்தில் பரவியது. ஆல்பம் வர முதலே விமர்சகர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். தலைப்பைப் பாருங்கள், ஒரு ஈழத்துப் பிள்ளை அந்த நேரத்தில் அப்படி ஒரு பெயர் வைக்க என்ன துணிவு வேணும்! பிறகு 2010 டிசம்பர் 31இல் விக்கி லீக்ஸ் என்று இன்னொன்று, அதுவும் இலவசம், முழுவதும் ஒரே நீளப் பாட்டாக ஓடும். அவவின் ஹிட் பாட்டான பேட் கேர்ள்ஸ் முதலில் தலைகாட்டினது அதில்தான். என்னுடைய அம்மாவுக்கு ராப் பிடிக்காது, ஆனால் மாயா டிவியில் வந்தால் மட்டும் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நிற்பா.

கோடம்பாக்கம்_குருவி:

ராப்பர் நிப்ஸி ஹஸ்லை யாரும் சொல்லவில்லை. 2013 அக்டோபரில் கிரென்ஷா மிக்ஸ்டேப்பை டாட்பிஃபில் இலவசமாகப் போட்டுவிட்டு, அதே நாளில் அதன் சிடியை ஒன்று 100 டாலர் என்று ஆயிரம் மட்டும் விற்றார். இலவசமாகக் கிடைப்பதை எவன் நூறு டாலருக்கு வாங்குவான்? ஆயிரமும் ஒரே நாளில் தீர்ந்தது. ஜே-ஸீ மட்டும் நூறு வாங்கினார். மறு வருடம் வேறொரு மிக்ஸ்டேப்பை ஆயிரம் டாலர் விலை வைத்து நூறு பிரதி போட்டார். வரவு_செலவு ஐயாவுக்குப் பிடிக்கும் கணக்கு.

வரவு_செலவு:

பிடிக்கும்தான். அதில் பீட்டுக்காரனுக்கு எத்தனை போனது என்று தெரிந்தால் இன்னும் பிடிக்கும்.

சவுண்டு_மேசை:

கடைசியில் இந்தக் காலத்தை முடித்தது போலீஸும் இல்லை, வழக்கும் இல்லை, எண்ணிக்கைதான். 2014 டிசம்பரில் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் ஸ்ட்ரீமிங்கையும் கணக்கில் சேர்த்தது. 2016இல் ஆர்ஐஏஏ கோல்டு, பிளாட்டினத்துக்கும் சேர்த்தது, 1,500 ஸ்ட்ரீம் ஓடினால் ஒரு ஆல்பம் விற்ற கணக்கு. அதற்கப்புறம் ஜிப் ஃபைலாகக் கொடுத்தால் யாருக்கு என்ன லாபம்? அந்த இறக்கம் எந்தப் பட்டியலிலும் வராதே. 2015இல் டிரேக் மிக்ஸ்டேப் என்று சொல்லி ஒன்றைக் காசுக்கே விற்றார், அன்றோடு மிக்ஸ்டேப் என்பது ஒரு பிராண்டு பெயர். சான்ஸ் 2016இல் கலரிங் புக்கை இரண்டு வாரம் ஆப்பிளுக்கு மட்டும் கொடுத்தார், அதற்கு 5 லட்சம் டாலர் வாங்கினேன் என்று அவரே சொன்னார். விற்பனைக்கே வராத அது 2017இல் கிராமி வாங்கியது.

ஆனால் காது பழகிவிட்டது. வருடத்துக்கு நாலு முறை புதுச்சரக்கு இறக்குவது, முன்னறிவிப்பே இல்லாமல் ராத்திரி விடுவது, லேபிள் இல்லாமல் முழு ஆல்பம் கொடுத்துவிட்டு அப்புறம் பேரம் பேசுவது, எல்லாம் அங்கே கற்றதுதான். அட்லாண்டாவின் டிராப், சிகாகோவின் டிரில் என்ற ராப் பாணிகள் எல்லாம் உலகத்துக்குத் தெரிந்ததே இந்த இலவச ஜிப்களும் யூடியூபும் போட்ட பாதையில்தான். டைலர் தி கிரியேட்டர் என்ற ராப்பர் 2021இல் ஆல்பம் போட்டபோது டிராமாவையே கூப்பிட்டு ஆல்பம் முழுக்கக் கத்தவிட்டார். அதற்கும் கிராமி. 81,000 சிடியைப் பறிகொடுத்த அதே ஆளின் குரல்.

ரீவைண்ட்_ராஜா:

சரக்கின் கதி? பழைய சமூக வலைத்தளமான மைஸ்பேஸ் சர்வர் மாற்றுகிறேன் என்று 5 கோடிப் பாட்டுகளைத் தொலைத்ததாக 2019இல் செய்தி வந்தது. டாட்பிஃப் 2023இல் படுத்தது. நல்லவேளை, மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மிக்ஸ்டேப்கள் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏறியிருக்கின்றன. அதில் முக்கால்வாசி குப்பை என்று எனக்கும் தெரியும், அந்தக் காலத்தில் கேட்டவன் நான். ஆனால் எது குப்பை என்று லேபிள் முடிவு செய்யாமல் நாமே கேட்டு முடிவு செய்தோம் அல்லவா, அது எனக்குப் பெரிது.

பழைய_டிஸ்க்:

இழை இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. எல்லாருக்கும் நன்றி.

ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறி ஹாஸ்டல் பெட்டியை இறக்கினேன். 320 ஜிபி டிஸ்க், மேலே மார்க்கரில் என் ரூம் நம்பர். கேபிளுக்கு அரை நாள் அலைந்தேன், அப்புறம் பழைய பிரிண்டர் பெட்டியில் கிடைத்தது. சொருகினால் டிக் டிக் என்று பல்லி மாதிரி சத்தம், இரண்டு நிமிடம் கழித்துத்தான் திறந்தது. நோ சீலிங்ஸ் முழுசாக இருக்கிறது! டெடிகேஷன் 2 இருக்கிறது. ஆசிட் ராப் இருக்கிறது, ஜூஸோடு. கூடவே நாங்கள் எல்லாரும் சேர்ந்து பதிந்த ஒரு பாட்டும் இருக்கிறது, அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

ஹாலில் டெடிகேஷன் 2 ஓடவிட்டேன். டிராமா கத்த ஆரம்பித்ததும் என் பெண் காதைப் பொத்திக்கொண்டு வந்தாள். "அந்த அங்கிள் எதுக்குப்பா பாட்டு நடுவுல கத்துறாரு? அவரை மட்டும் ஆஃப் பண்ணு." பண்ண முடியாது, பாட்டோடு சேர்த்தே பதிந்துவிட்டார் என்றேன். அவளுக்கு அது நம்பும்படி இல்லை.

ஒரே சிக்கல். ராஜா சொன்ன ஜார்ஜியா பாட்டு மட்டும் பாதியில் சிக்கி நிற்கிறது. ஃபைல் அளவும் குறைவாகக் காட்டுகிறது. அன்றைக்கே அரைகுறையாக இறங்கியிருக்க வேண்டும், பதினைந்து வருடமாக நான் கவனிக்கவே இல்லை. யாரிடமாவது சரியான ஃபைல் இருக்கிறதா?

காவல்_பூனை, மட்டுறுத்துநர்:

டவுன்லோடு லிங்க்கை இங்கே போடாதீர்கள். விதி எல்லாருக்கும் பொது.

ஸ்கார்பரோ_பெடியன்:

அண்ணை, தனிமடல் பாருங்கோ.